மாறாத கோப்புப் பெயர்

படத்தில் ஒரு புள்ளி மாறினாலும், வெப்சைட்டைத் தொகுக்கும் பில்ட் ஓட்டும்போது கோப்பின் பெயர் மாறிவிடும். பிரவுசர் பழைய படத்தையே காட்டாமலிருக்க அந்த ஏற்பாடு.

ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றின் வெப்சைட்டை நான் பார்த்துக்கொள்கிறேன். போன மாதம் கம்பெனியின் கழிவுநீர்த் தொட்டியில் இறங்கிச் செத்த முனிரத்தினத்தை, தொழிலாளர்கள் கம்பெனி கேட் முன் நிற்கும் படத்திலிருந்து அழிக்கச் சொன்னார் மேனேஜர். மூன்று முறை அழித்தேன். மூன்று முறையும் பழைய படத்தின் அதே பெயர், 7e41c. அதே முனிரத்தினம்.

“இன்னாம்மா, ஒரு ஆளைத் தூக்க இவ்ளோ நேரமா? அந்த போட்டோவே வேணாம். காலி கேட்டைப் போடு.”

“மாஸ்க் இல்லாம அவரை இறக்குனது நீங்கதானே சார்?”

ஆளில்லாத கேட்டைப் புதிதாகப் படமெடுத்து, பில்ட் ஓட்டினேன். பெயர் வந்தது: 7e41c.

லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பினேன்.

“நீங்களே தொறந்து பாருங்க சார்.”