சந்தோஷமான வீடு விற்பனைக்கு

பெயிண்ட் அடித்தாயிற்று, ஒழுகிய குழாய்களையும் மாற்றியாயிற்று. ஆனாலும் நளாயினியின் பெருங்களத்தூர் வீடு விலைபோகவில்லை. வந்தவர்கள் சுவரையா பார்த்தார்கள்? "இங்க இருக்கறவங்க எப்படி?" என்று வீட்டையே கேட்டார்கள். வீடும் மறைக்காமல் சொல்லிவிட்டது: "தினமும் சண்டைதான்."

"செலவே இல்லாத வழி ஒண்ணு இருக்கும்மா" என்றார் தரகர். "விக்கிற வரைக்கும் ரெண்டு பேரும் சந்தோஷமா இருங்க. வீடு தன்னால மாத்திப் பேசும்."

வீடு விற்றால்தான் விவாகரத்து. அதனால் நளாயினி, கணவன் பரணீதரனோடு உட்கார்ந்து சாப்பிட்டாள். அவனுடைய அசட்டு ஜோக்குகளுக்குத் தாடை வலிக்கச் சிரித்தாள். குளியலறையில்கூட அழ முடியவில்லை. வீட்டுக்கு அங்கேயும் காது இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, புதிதாகக் கல்யாணமான ஜோடி ஒன்று வந்து அதே கேள்வியைக் கேட்டது.

"ரொம்ப அன்னியோன்யமான தம்பதி" என்றது வீடு. "சிரிப்புச் சத்தம் ஓயறதே இல்ல."

அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. "இவ்வளவு சந்தோஷமா இருக்கறவங்கள வெளிய அனுப்பிட்டு நாங்க வரணுமா? அந்தப் பாவம் எங்களுக்கு வேணாம்க்கா."

ஜோடி கிளம்பிப் போனது. பரணீதரன் நளாயினியின் தோளில் கைபோட்டான். வீடு பார்த்துக்கொண்டிருந்ததால் அவளால் தட்டிவிட முடியவில்லை.