கொழும்புக் காஸ்கெட்

"தோணி வந்துட்டா?"

தோணி ஏஜென்ட் ஆபீஸ் கிளார்க் காசிலிங்கம் தலையை நிமிர்த்தவில்லை. குரலை வைத்தே ஆள் யாரென்று தெரியும். மில்லர்புரத்தில் இருக்கும் ஓய்வுபெற்ற ஹெட்மாஸ்டர் தேவபிரசாதம்.

"இல்ல சார்."

"என் காஸ்கெட் அதுலதான் வரணும். கொழும்புல வாங்கிட்டு வரச் சொல்லி தோணி ஓட்டுற தண்டல்ட்ட நம்பர் எழுதிக் குடுத்திருந்தேன்."

"தெரியும் சார். நேத்தும் சொன்னீய."

ராஜகன்னித் தோணி கொழும்பிலிருந்து பாய் விரித்துப் பத்தொன்பது நாள் ஆகியிருந்தது. இரண்டு மூன்று நாளில் தூத்துக்குடிக்கு வந்திருக்க வேண்டும். நடுவில் புயல் அடித்தது. அதிலிருந்த பதினொரு பேரைப் பற்றி ஒரு தகவலும் இல்லை.

ஆபீஸ் வாசலில் தோணிக்காரர்களின் வீட்டுப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் அமலோற்பவம் என்ற இளம்பெண் எழுந்து வந்தாள். ஆறு மாதக் கர்ப்பிணி.

"ஐயா, காஸ்கெட்டுன்னா என்னது?"

"கார் எஞ்சினுக்கு நடுவுல வைக்கிற தகடும்மா. அது போயிட்டா வண்டி ஓடாது."

"ஒரு தகரத்துக்கா தெனமும் வந்து நிக்கீரு? அந்தத் தோணில எங்க வீட்டுக்காரரு இருக்காரு. கடல் பழகாத மனுசன். தோணில ஏறி ரெண்டு வருசந்தான் ஆவுது. நீச்சல்கூடச் சரியா வராது."

தேவபிரசாதம் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு குடையை எடுத்துக்கொண்டு வெளியே போனார். விரிக்க மறந்து, வெயிலிலேயே நடந்தார்.

அவருடைய கார் நாற்பத்தெட்டாம் வருஷத்து ஆஸ்டின். மிஷன் துரை ஒருவர் சீமைக்குத் திரும்பும்போது இவரிடம் விட்டுப் போனது. ஹெட் காஸ்கெட் எரிந்துபோய், நாலு மாதமாக மெக்கானிக் இனிகோவின் ஷெட்டில் கிடந்தது.

இனிகோ அம்பாசிடர் காஸ்கெட்டை வைத்துப் பார்த்தான். தண்ணீர் ஓட்டைகள் ஒத்து வரவில்லை. ஆஸ்பெஸ்டாஸ் தகடு வாங்கி, அச்சு எடுத்து, தானே வெட்டிப் போட்டான். திருச்செந்தூர் ரோட்டில் மூன்று மைல் தாண்டுவதற்குள் வெடித்துவிட்டது. "கொழும்புல இந்த வண்டி இன்னும் ஓடுது சார். அங்கன கெடைக்கும்" என்று சொன்னவனும் அவன்தான்.

இருபத்து மூன்றாம் நாள் இனிகோ சைக்கிளை மிதித்துக்கொண்டு மில்லர்புரத்துக்கே வந்துவிட்டான்.

"சார், கெடைச்சிட்டு! ஆத்தூர்ல ஒரு வெத்தல வியாபாரி வீட்டுக் கொட்டகையில இதே வண்டி, கோழி அடையக் கெடக்கு. டிக்கிக்குள்ள புதுக் காஸ்கெட். சுத்துன பேப்பர்கூடப் பிரிக்கல!"

"அப்படியா" என்றார் தேவபிரசாதம்.

இனிகோவுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. நாலு மாதமாகத் தன்னை நச்சரித்தவர் இவர்தானா என்றிருந்தது.

மறுநாள் பிளாக்கில் ஒட்டியிருந்த பழைய கரியைச் சுரண்டி, மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்து, காஸ்கெட்டை வைத்தான். ஓட்டைக்கு ஓட்டை ஒத்து உட்கார்ந்தது. மேலே ஹெட்டை இறக்கி, நடுவிலிருந்து ஓரத்துக்கு நட்டுகளைக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினான். தண்ணீர் ஊற்றி ஸ்டார்ட் செய்ததும் எஞ்சின் பிடித்துக்கொண்டது. ரேடியேட்டரில் ஒரு குமிழிகூட இல்லை.

"கேளுங்க சார், தையல் மிஷின் கணக்கா ஓடுது!"

தேவபிரசாதம் எஞ்சின் பக்கம் திரும்பவில்லை. ஷெட்டுக்கு வெளியே தெரிந்த கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"காத்து கொறஞ்சிருக்கா இனிகோ?" என்று மட்டும் கேட்டார்.

அதற்கடுத்த நாள் காலை ஏஜென்ட் ஆபீஸ் வாசலில் ஆஸ்டின் வந்து நின்றது. வாசலில் பெண்கள் குறைந்திருந்தார்கள். இரண்டு வீட்டில் இறந்தவர்களுக்கான பூசையே வைத்தாகிவிட்டது. அமலோற்பவம் மட்டும் அதே இடத்தில் இருந்தாள்.

தேவபிரசாதம் இறங்கி உள்ளே வந்தார்.

"தோணி வந்துட்டா?"

காசிலிங்கம் பேனாவைக் கீழே வைத்தார். "மணப்பாட்டுப் பக்கம் ரெண்டு பலக ஒதுங்கியிருக்கு சார். ராஜகன்னின்னு பேரு எழுதுன பலக. இனிமே விசாரிக்க ஒண்ணுமில்ல."

"இல்ல... என் காஸ்கெட்..."

"ஒங்க காருதான் ஓடுதே சார்! அதுலதான வந்து எறங்குனீய?"

அமலோற்பவம் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தாள். அழுது அழுது அவள் குரல் கட்டிப்போயிருந்தது.

"நீரு மனுசனாய்யா? பலக ஒதுங்கிட்டுங்காவ, இன்னமும் தகரம் தகரம்ங்கீரு. என்னயக் கட்டுனதுக்காவ எங்க வீட்டுக்காரர அவுக அப்பா வீட்டு வாசப்படி ஏறக் கூடாதுன்னுட்டாரு. அந்தப் பெத்த மனுசன்கூட இங்கன வந்து ஒரு வார்த்த கேக்கல. நீரு எதுக்கு தெனமும் வாரீரு?"

தேவபிரசாதத்தின் கை மேசையைத் தேடியது. அகப்படவில்லை. அவள் முன்னால் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அந்தப் பெத்த மனுசன் நாந்தாம்மா."