எழுதாத பேனா

“பையில என்னலே?”

பட்டாசுக் கம்பெனி கேட்டில், சோதனைக்கு நின்ற அருள்பிரகாஷின் சட்டைப் பையைத் தட்டினார் வாட்ச்மேன் பால்துரை. வேன் ஏஜென்ட் கூட்டி வந்திருந்த புதுப் பையன் அவன்.

“பேனா.”

“எங்க, எழுது பாப்போம்.”

அருள் பையைக் கையால் பொத்தினான். பால்துரை அதைப் பிடுங்கி முகர்ந்தார். மாம்பழ வாசனை.

“புகை இழுக்கிற மிஷினு. உள்ள கம்பி சூடாகும்.”

“இதுல நெருப்பே கிடையாது. வெறும் ஆவிதான்.”

“வெடிமருந்துக்கு அந்தச் சூடு போதும்லே. தள்ளி நில்லு.”

போர்மேன் சீனிவாசகம் பதறிக்கொண்டு வந்தார். தீபாவளி சீசனில் ஓர் ஆள் குறைந்தாலும் அவருக்குத்தான் திட்டு விழும்.

“அண்ணாச்சி, அதை வாங்கி வச்சிக்கிட்டுப் பயலை உள்ள விடுங்க. லோடு நிக்குது.”

“நாளைக்கு இன்னொண்ணு கொண்டாருவான். பேரை அடிங்க. பக்கத்துக் கம்பெனிகளுக்கும் சொல்லிருங்க.”

“சின்னப் பய பொழப்புல மண்ணைப் போடாதீக அண்ணாச்சி.”

“உள்ள அம்புட்டுப் பேரு இருக்காக. பேரை அடிங்க.”

இனிப் பேசிப் பயனில்லை என்று சீனிவாசகத்துக்குத் தெரிந்தது. “சரி, பேனா இல்லன்னு எப்படிக் கண்டுபிடிச்சீக?”

“காலையில சட்டையைத் தேய்க்கையில பாத்தேன். அதே பையில திருப்பி வச்சிட்டேன்.”

“யாரு சட்டையை?”

“எம் மகன் சட்டையைத்தான்” என்று அருளைக் காட்டினார் பால்துரை. “வீட்டுல பிடுங்கினா அப்பன் பிடுங்கினதாப் போயிரும். இங்க பிடிச்சாத்தான் கம்பெனி பிடிச்சது; இனி எந்தப் பட்டாசுக் கம்பெனியும் இவனைச் சேக்காதுல்ல.”