பத்து வருஷப் பூச்சு

பூங்கா பெஞ்சில் உச்சிவெயில் வழுக்குகிறது. தின்னரில் நனைத்த துணியால் பெயிண்டர் தேய்க்கிறார். எந்தப் பாவியோ கிறுக்கிய "கூப்பிடு, வருவேன்" என்ற வரியும் அதன் கீழே உள்ள போன் நம்பரும் மசியவே இல்லை. கிறுக்கல் ஒட்டாமலிருக்க, நிறமில்லாத இந்தப் பூச்சைப் போன வாரம் அடித்தவரே அவர்தான். "இருக்கறத அழிச்சுட்டு அடிக்கலாமே" என்று அவர் கேட்டதற்கு மேஸ்திரி, "மேலயே அடிய்யா, பத்து வருஷத்துக்கு அசையாது" என்றார். இவரும் கிறுக்கலின் மேலேயே அடித்துவிட்டார். அது மகளின் நம்பர் என்று அன்று தெரியவில்லை; அவர் போனில் அவள் வெறும் 'பாப்பா'.

பக்கத்தில் நின்றபடி மகள் கேட்கிறாள்: "எப்பப்பா போகும்?"

அவர் துணியில் இன்னும் கொஞ்சம் தின்னர் ஊற்றுகிறார். தேய்க்கத் தேய்க்க எழுத்து பளபளக்கிறது. அவள் கையில் போன் மறுபடி அடிக்கிறது.