ஏழாவது பாட்டு

"மேனேஜர் உன்னக் கூப்பிட்றாரு. உங்க சி.டி. விஷயமாம்" என்றாள் சைரா, ஷூவில் வழிந்த பசையைத் துடைத்துக்கொண்டே.

செந்தில்குமார் கத்தியைக் கீழே வைத்தான். ஆம்பூரில் இந்த ஷூ கம்பெனியில் பதினோரு வருடமாகத் தோல் வெட்டுகிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் அவன் ஒரு ராக் குழுவின் டிரம்மர். பாட்டும் எழுதுவான். பாட்டால் வேலை போகப்போகிறது என்று நினைத்தபடி எழுந்தான்.

குழுவில் கிட்டார் வாசித்துப் பாடுகிறவன் வேலூர் பாகாயத்து ஜெர்சன். தொண்ணூற்றெட்டில் வந்த அவர்களுடைய முதல் ஆல்பத்தில் எல்லாமே காதல் பாட்டு. வேலூர் காலேஜ் பையன்கள் கேசட்டை ஒருவரிடமிருந்து ஒருவர் வாங்கிப் பதிவு செய்து கேட்டார்கள். டவுன் பஸ்ஸில்கூட ஓடியது.

இரண்டாவது ஆல்பத்துக்கு ஐந்து வருடம் பிடித்தது. ஞாயிறு தவறாமல் பெங்களூருக்கு ரயில் ஏறி, ஸ்டூடியோவில் கிடந்தார்கள். காதலைப் பாடியது போதும், கண்ணால் பார்த்ததைப் பாடலாம் என்று ஜெர்சன்தான் சொன்னான். மொத்தம் ஒன்பது பாட்டு. ஏழாவது, செந்தில் எழுதியது. அதை மட்டும் விட்டுவிடும்படி அவன் மனைவி சோபனா கெஞ்சினாள். பிள்ளையை வைத்துக்கொண்டு நமக்கு இது தேவையா என்று அழுதாள். அவன் கேட்கவில்லை.

அவள் பயந்தது நடக்கவில்லை. எதுவுமே நடக்கவில்லை. பத்திரிகை ஒன்று மூன்று வரி எழுதியது. அதில் ஒரு வரி அட்டைப்படத்தைப் பற்றி. கடைக்காரர்கள் பெட்டியைப் பிரிக்காமலே திருப்பி அனுப்பினார்கள். வேலூரில் நடந்த ஒரே கச்சேரியில், புதுப் பாட்டு ஆரம்பித்ததும் பாதிப் பேர் டீ குடிக்கப் போனார்கள். மீதிப் பேர் பழசைப் பாடச் சொல்லிக் கத்தினார்கள். ஜெர்சன் பழசையே பாடிவிட்டு இறங்கினான்.

மேடைக்குப் பின்னால் வயரைச் சுருட்டிக்கொண்டே, "ஒருத்தன்கூட வார்த்தையக் கேக்கலடா. திட்டியிருந்தாக்கூட நல்லாருந்திருக்கும்" என்றான். அதற்குப் பிறகு அவன் கிட்டாரைத் தொடவில்லை.

மேனேஜர் மூர்த்தி, அறைக்குள் வந்த செந்திலை உட்காரச் சொன்னார். இத்தனை வருடத்தில் அந்த நாற்காலியில் அவன் உட்கார்ந்ததில்லை. சோபனாவிடம் என்ன சொல்வது என்றே மனசு ஓடியது.

"ஏழாவது பாட்டு யார் எழுதனது?"

"நான்தான் சார்."

மூர்த்தி தலையாட்டினார். ஜெர்மனிக் கண்காட்சிக்காகக் கம்பெனி ஒரு படம் எடுக்கிறது என்றார். தோல் வந்து இறங்குவதிலிருந்து ஷூ பெட்டிக்குள் போவதுவரை காட்டப்போகிறார்கள். அதற்குப் பின்னணியாக அந்த ஏழாவது பாட்டைப் போட முதலாளி ஆசைப்படுகிறார். போன மாதம் வந்த வெளிநாட்டுக்காரர்கள், கம்பெனி காரில் டிரைவர் அதைப் போட்டபோது தொடையில் தாளம் போட்டார்களாம். படத்தில் குழுவின் பெயர் வரும். செந்திலை சூப்பர்வைசராகவும் போட்டுவிடலாம் என்றார். ஒரு தாளை அவன் பக்கம் நகர்த்தி, கையெழுத்துப் போடச் சொன்னார்.

செந்தில்குமாருக்கு மூச்சு திரும்பியது. கூடவே ஒரு அலுப்பும் வந்தது. இவரும் எல்லாரையும்போலத் தாளத்தை மட்டும்தான் கேட்டிருக்கிறார். பேசாமல் கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்துவிடலாம். ஆனால் அதன் வார்த்தைகள் என்றைக்காவது ஒருநாள் தெரியவரும். அதுவரை பயந்து பயந்து இருக்க அவனுக்குத் தெம்பில்லை.

பேனாவைக் கீழே வைத்தான். "சார், அந்தப் பாட்டோட வார்த்தைய ஒரு வாட்டி கேட்டுட்டு முடிவு பண்ணுங்க."

மூர்த்தி சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை.

"கேட்டேன்பா. நம்ம கம்பெனிக் கழிவுத் தண்ணி எறங்கி உங்க ஊர்க் கெணறு கெட்டது, அந்தத் தண்ணியக் குடிச்சே உங்கம்மா போய்ச் சேந்தது, உன் பொண்ணு கையெல்லாம் புண்ணா வந்தது. முதலாளி பேரக்கூட விடாம எழுதியிருக்க. அவர்கிட்டயும் சொல்லிட்டேன். எனக்கு மனப்பாடமே ஆய்டுச்சு. அதுக்கு இன்னா இப்ப? ஜெர்மனில யாருக்குத் தமிழ் தெரியும்?"

அந்தப் பாட்டை ஒரு வார்த்தை விடாமல் கேட்ட முதல் ஆள் அவர்தான்.