அடிப்பக்கத்துப் பூ

“அடியிலயா?” என்று மூன்றாவது முறையாகக் கேட்டாள் பூ ஒட்டுகிறவள். பீங்கான் வாஷ்பேசின்களில் பூப்படம் ஒட்டிச் சூளையில் சுடுவது அவளுக்குப் பதினைந்து வருடத் தொழில். அடிப்பக்கத்தில் பூ வேண்டுமென்று யாரும் வந்ததில்லை.

“ஆமாம்மா, அடியிலதான். மேல வெள்ளையாவே இருக்கட்டும்,” என்றுவிட்டுப் போனார், புது பேசின் ஒன்றுக்குச் சொல்ல வந்த வாத்தியார்.

மனுஷன் வாய் தவறிச் சொல்லியிருப்பார் என்று அவளாகவே முடிவுகட்டி, விளிம்பைச் சுற்றி நீலப்பூ ஒட்டிச் சுட்டுவிட்டாள். சுட்ட பூவைச் சுரண்டினாலும் வராது.

வந்து பார்த்த வாத்தியார் சட்டென்று தரையில் உட்கார்ந்து, ஸ்டாண்டில் இருந்த பேசினை அண்ணாந்து பார்த்தார்.

“இங்கேருந்து ஒரு பூகூடத் தெரியலையேம்மா!”

“தரையில உக்காந்து யாரு சார் பாக்கப் போறாங்க?”

“என் தங்கச்சி. அவளால எழுந்து நிக்க முடியாது. தரையில உக்காந்துதான் குளிப்பா. நிமிர்ந்தா கண்ணுக்கு நேரே பேசினோட அடிதான். இப்ப வீட்டுல இருக்குறதுல மேல மட்டும்தான் பூ. ‘என் பக்கம் மட்டும் ஏண்ணே மொட்டையா இருக்கு?’ன்னு போன வாரம் கேட்டுட்டா.”

பூ ஒட்டுகிறவள் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தாள். சொரசொரப்பான அடிப்பாகமும் தண்ணீர் போகும் ஓட்டையும்தான் தெரிந்தன.

“தங்கச்சிக்கு என்ன பூ சார் பிடிக்கும்?”

“அதை... நான் கேக்கலையேம்மா.”

“அவங்களையே கூட்டிட்டு வாங்க சார். இங்க உக்காந்து பாத்து, எந்தப் பூ எங்க வேணும்னு அவங்களே சொல்லட்டும்.”