டெல்லா ஏன் அழவில்லை

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு டெலிபோன் அடித்தது. இரண்டு நீளம், ஒரு குட்டை.

அது லோரெயின் வீட்டுக்கான மணி.

ரோசினா மாவுக் கையைத் துடைத்தாள். மனசுக்குள் ஐந்து வரை எண்ணிவிட்டு, ஓசைப்படாமல் ரிசீவரை எடுத்தாள். பேசும் முனையை உள்ளங்கையால் பொத்திக்கொண்டாள்.

தெற்கு டகோட்டாவின் அந்த மண்சாலையில் ரோசினா, லோரெயின், அல்வினா ஆகியோரின் மூன்று பண்ணை வீடுகளுக்கும் ஒரே லைன். யாருக்கு அழைப்பு வந்தாலும் மூன்று வீட்டிலும் மணி அடிக்கும். எடுத்தால் பேச்சு கேட்கும்.

இன்றோடு அது முடிகிறது. கம்பெனி ஆட்கள் புதுக் கம்பி இழுத்துவிட்டுப் போயிருந்தார்கள். நாளையிலிருந்து வீட்டுக்கு ஒரு லைன்.

"நேத்து பார்த்தியாடி?" என்றாள் அல்வினா.

"பார்க்காம இருப்பேனா? அடுப்புல வெச்ச கறி கருகினதுகூட எனக்குத் தெரியலை," என்றாள் லோரெயின்.

'கடைசி வேலி' திங்கட்கிழமைதோறும் டெலிவிஷனில் வரும் தொடர். நூறு வருஷத்துக்கு முன்னால், ஆளில்லாத புல்வெளிக்கு வண்டி கட்டிக்கொண்டு வந்த ஆம்ப்ரோஸ், டெல்லா என்ற கணவன் மனைவியின் கதை. ஒன்பது வருஷமாக ஓடுகிறது.

ரோசினாவுக்கு அதைவிடப் பிடித்த கதை வேறு கிடையாது. கதையில் ஆலங்கட்டி மழை பெய்து டெல்லாவின் கோதுமை முழுக்கப் படுத்துப்போன வாரம் அவள் சூப்பில் இரண்டு தடவை உப்புப் போட்டாள். ஆம்ப்ரோஸ் கொஞ்சம் அதிகமாக உபதேசம் செய்கிறான் என்பது அவள் கருத்து. டெல்லாவை மட்டும் ஒரு குறை சொல்ல முடியாது. இருக்கிற மாவுக்குத் தக்கபடி ரொட்டி சுடத் தெரிந்தவள்.

இதையெல்லாம் அவள் யாரிடமும் சொன்னதில்லை.

நேற்று, டெல்லா ஆறு வருஷம் வளர்த்த சிறுமி நெட்டியை, பெற்ற அப்பா வந்து கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

"பனி முட்டி வரைக்கும் கிடக்கு," என்றாள் அல்வினா. "வாசல்ல வண்டி நிக்குது. பிள்ளை ஒரு கையில மட்டும் சிவப்பு உறை போட்டிருக்கு. டெல்லா குனிஞ்சு இன்னொரு கைக்கும் போட்டுவிடறா. கழுத்துப் பட்டனை மாட்டிவிடறா. கையைக் காட்டறா. அவ்வளவுதான்."

ரோசினா கண்ணை மூடிக்கொண்டாள்.

"எல்லாம் நல்லா எடுத்திருந்தாங்க," என்றாள் லோரெயின். "ஆனா அவ ஒரு சொட்டுக் கண்ணீர் விடலையே. வளர்த்த பிள்ளை. என்ன ஒரு அழுத்தக்காரி."

"எனக்கும் அது ஒண்ணுதான் பிடிக்கலை."

மூன்று வருஷத்துக்கு முன், ஒரு மார்ச் மாதம், ரோசினாவின் மகள் எஸ்தர் பெட்டியோடு பஸ் ஏறினாள். தங்கள் தேவாலயச் சபைக்கு வெளியே ஒரு பையனைக் கட்டிக்கொள்ளப் போனாள். அவள் அப்பா யாக்கோப் மாட்டுக் கொட்டகையை விட்டு வெளியே வரவில்லை. ரோசினாதான் சாலை முனை வரை போனாள். கோட்டைச் சரிசெய்து அனுப்பிவிட்டு, திரும்பி வந்து மதியச் சமையலைப் பார்த்தாள்.

அடுத்த ஞாயிறு, சபைப் பெண்கள் அவள் முதுகுக்குப் பின்னால் சொன்ன வார்த்தையும் அதுதான். அழுத்தக்காரி.

ரோசினா பேசும் முனையைப் பொத்தியிருந்த கையை எடுத்தாள்.

"அவ அழுதிருந்தா பிள்ளை வண்டியில ஏறியிருக்காது."

அவள் அதோடு நிறுத்தவில்லை.

"அது திரும்பித் திரும்பிப் பார்த்துக்கிட்டே போயிருக்கும். மேட்டைத் தாண்டற வரைக்கும் அவ தாங்கிக்கிட்டு நின்னிருப்பா. அதுக்கப்புறம் அவ என்ன பாடுபட்டாளோ, யாருக்குத் தெரியும்?"

ஒட்டுக்கேட்டது வெளியாகிவிட்டது. வைத்துவிடலாம் என்று நினைத்தாள். கை வரவில்லை.

"நீ சொல்றது சரிதான், ரோசினா," என்றாள் அல்வினா. "எனக்கு இது தோணவே இல்லை."

பேரைச் சொல்லிக் கூப்பிட்டாள். அந்தக் குரலில் ஆச்சரியம் கொஞ்சம்கூட இல்லை.

"நான்தான்னு... எப்பத்திலேருந்து தெரியும்?"

"முதல் வருஷத்துலேருந்தே," என்று லோரெயின் சிரித்தாள். "உங்க வீட்டுக் கடிகாரம் கால் மணிக்கு ஒரு தடவை அடிச்சுத் தொலைக்குதே. இந்தச் சாலையில வேற யார் வீட்டுல அது இருக்கு?"

ரோசினா சுவரில் சாய்ந்துகொண்டாள்.

யாக்கோப் சபையின் மூப்பர். டெலிவிஷன் அந்தச் சபைக்கு ஆகாது; சபையில் யார் வீட்டிலும் கிடையாது. ரோசினா வீட்டிலும் கிடையாது. டெல்லாவின் முகம், ஆம்ப்ரோஸின் தொப்பி, புல்வெளி, ஆலங்கட்டி, எல்லாம் அவளுக்கு இந்தக் கம்பி வழியாக வந்தவை.

அல்வினாவும் லோரெயினும் திங்கட்கிழமைதோறும் அவரவர் வீட்டில் ஒரே படத்தைத்தான் பார்க்கிறார்கள். பார்த்தவளுக்குப் பார்த்தவள் எதற்காக, பனி முட்டி வரைக்கும் என்றும், கையுறை சிவப்பு என்றும், ஒன்பது வருஷம் உட்கார்ந்து சொல்ல வேண்டும்?

இத்தனை நாள் அவளுக்கு அது உறைக்கவே இல்லை.

"அடுத்த செவ்வாய் பத்து மணிக்கு உன் வீட்டுக்குத்தான் முதல்ல அடிப்பேன்," என்றாள் லோரெயின். "எடுத்தா வாயைத் திறந்து பேசணும். மூச்சு மட்டும் விட்டுக்கிட்டு நிக்கக்கூடாது."

"சரி," என்றாள் ரோசினா.

"ஏ, இருங்கடி, நான் இன்னும் முடிக்கலை," என்றாள் அல்வினா. "வண்டி போனப்புறம் டெல்லா உள்ள போய் ஒண்ணு செஞ்சா. நேத்து பார்க்கும்போது எனக்கு அது விளங்கலை. நீ சொன்னப்புறம்தான் இப்ப விளங்குது. கேளு, ரோசினா."

ரோசினா காலால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.